அளவு சரியாயிருந்த கோட்டு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், மற்றதைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் காலையில் எழுந்திருக்கிறேன். சின்னவளுக்கு இருமல் நின்றதா, அந்த ஊர்க் குளிருக்குக் காதையும் நெஞ்சையும் மூடாமல் வெளியே விடாதே, பள்ளிக்கூடத்தில் கழற்றிப் போட்டுவிடுகிறாள் என்றால் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை. அப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்க இப்போதெல்லாம் உன் தம்பி பெண்டாட்டியைத்தான் கூப்பிடுகிறார், கேட்டால் வெளிச்சம் சரியில்லை என்று பல்பின் மேல் பழி போடுகிறார். போனில் நான் ஏன் ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தாய். இந்த வீட்டில் ஒரு அறையில் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும், அடுத்த அறையில் உன் தம்பி இருக்கிறான், அதுதான் காரணம். எழுதினால் யார் காதிலும் விழாது. மனதில் இருப்பதையெல்லாம் இதில் கொட்டிவிடப் போகிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் ரயில் கைமாறியது உனக்குத் தெரியும், மேற்கொண்டு நடந்தது தெரியாது. ரயில் அதேதான், பெட்டிகளும் அதேதான், சாயங்காலம் கிளம்பி மறுநாள் பகலில் போய்ச் சேருகிற தூரமும் அதேதான், ஓட்டுகிற கம்பெனி மட்டும் வேறு. பழைய கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்ததும் அரசாங்கம் நீட்டிக்காமல் இன்னொரு கம்பெனியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டது. பயணிகளுக்கு எந்தச் சிரமமும் இருக்காது, பெட்டியின் நிறம் மட்டும் மாறும் என்று நிலையம் முழுக்க ஒட்டி வைத்திருந்தார்கள். அது பொய்யில்லை, பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. படுக்கை விரிக்கிறவர்கள், சாப்பாட்டுப் பெட்டிக்காரர்கள், பெட்டி துடைக்கிறவர்கள் என்று எங்களைத்தான் பழைய கம்பெனி கைகழுவிவிட்டது. வேலை வேண்டுமென்றால் புதிதாக மனுப் போடு, இத்தனை வருஷம் பார்த்த வேலை கணக்கில் வராது, வருஷத்துக்கு வருஷம் கையெழுத்து, ஒருவர் பார்த்த வேலையோடு பக்கத்துப் பெட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அப்படியும் எல்லாருக்கும் இடமில்லை என்று புதுக் கம்பெனி சொன்னது. படுக்கைப் பெட்டிகளுக்கெல்லாம் பொறுப்பாக இருந்த நானும் போன மழைக்கு வந்து சேர்ந்த பிள்ளையும் அவர்களுக்கு ஒன்றுதான்.

நான் சங்கத்துச் செயலாளர். என்னைத் தேர்ந்தெடுத்தது அறிவைப் பார்த்தல்ல, தொண்டையைப் பார்த்துத்தான் என்று உன் அப்பா கிண்டல் செய்வார். நடைமேடைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் ஓய்வறையில் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினேன். அன்றைக்கு நல்ல மழை, நனைந்த கோட்டுகள் வரிசையாக ஆணியில் சொட்டிக்கொண்டிருந்தன, உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் கெட்டில் வைத்திருக்கிற மேடையில் சாய்ந்து நின்றார்கள். தனித்தனியாகப் போய் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், நாம் யாருமே போகாவிட்டால் அவர்களால் ரயிலைக் கிளப்ப முடியாது, எடுத்தால் எல்லாரையும் எடுக்கட்டும் என்று சொன்னேன். உப்பு மாமாதான் எழுந்து கேட்டார். சாப்பாட்டுப் பெட்டிச் சமையல்காரருக்கு உன் ஐந்தாறு வயதில் நீ வைத்த பேர் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை, சூப்பரவைசர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். "பாதிப் பேரு போயிட்டா மீதிப் பேரு கதி என்னக்கா?" என்று கேட்டார். "யாரும் போக மாட்டாங்க. நான் பொறுப்பு" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் கையைத் தூக்கினார், அவரைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். உன் தம்பி என் பக்கத்தில்தான் நின்றான், அவனும் தூக்கினான். அவன் தோள் என் தோளில் இடித்தது, எனக்கு என்ன பெருமை தெரியுமா, நானே இந்த ரயிலில் வேலைக்குச் சேர்த்துவிட்ட பிள்ளை கூடவே நிற்கிறானே என்று.

மனுப் போடுகிற கெடு முடிந்தது. எங்களில் ஒருவரும் போகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். புதுக் கம்பெனி வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அவசர அவசரமாகப் பழக்குகிறது என்று காதில் விழுந்தது, பழகாத ஆட்களை வைத்து எத்தனை நாள் ஓட்டுவார்கள் என்று எங்களுக்குள் சிரித்துக்கூடக் கொண்டோம். அவர்கள் ரயில் முதல் தடவை கிளம்பிய அன்று சாயங்காலம் நிலைய வாசலில் தட்டிகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உன் தம்பி உடம்பு சரியில்லை, அப்புறம் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். புது ஆட்கள் கும்பலாக உள்ளே போனார்கள். கம்பெனி எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்துவிட்டதோ என்னவோ, கோட்டு ஒவ்வொருவருக்கும் கோணிப்பை மாதிரித் தொங்கியது, ஒருத்தி கையை மூன்று மடிப்பு மடித்து விட்டிருந்தாள், எங்கள் ஆட்கள் அதைக் காட்டிக் கேலி செய்தார்கள். அந்தக் கும்பலில் நம் ஆட்களும் சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். கடைசியில் ஒருவனுக்கு மட்டும் கோட்டு தைத்துப் போட்டது போல நின்றது. தோள் சரியாக இருந்தது, கை மணிக்கட்டில் வந்து நின்றது, முதுகில் ஒரு சுருக்கமில்லை. முதலில் கோட்டைத்தான் பார்த்தேன். அது யார் கை வேலை என்று புரிந்த பிறகுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.

உன் தம்பி என்னைப் பார்த்தான், நிற்கவில்லை. நான் பிடித்திருந்த தட்டியின் மறுபக்கத்தை உப்பு மாமா பிடித்திருந்தார். அவர் மெதுவாகத் தன் பக்கத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவைக் கேட்டேன். மெஷினில் உட்கார்ந்து யாருடையதோ பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார், காலை நிறுத்தவில்லை. "அவன் கேட்டான், தோள் பிடிச்சுக் குடுத்தேன். பொண்டாட்டி மாசமா இருக்கா, அவன் என்ன பண்ணுவான்" என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் நீ விட்டிருப்பாயா என்றார். விட்டிருக்க மாட்டேன், அது உண்மைதான், அதற்கு மேல் என்ன சண்டை போடுவது. நான் சங்கத்து வேலையாக வெளியே போனபோதெல்லாம் அப்பனும் பிள்ளையும் அளவெடுத்துப் பிரித்துத் தைத்திருக்கிறார்கள், மருமகள் நூல் கோத்துக் கொடுத்திருக்கிறாள். என்னைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவன் அந்த நடை முடிந்து திரும்பி வந்து நேராக என்னிடம்தான் வந்தான், ஒளியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நாம் தோற்றுப்போனால் வீட்டில் ஒருவருக்காவது வேலை இருக்கட்டும் என்று நினைத்தானாம். "நீ அப்படி நெனச்சதாலதான்டா தோத்தோம்" என்று சொன்னேன். நீ வீட்டில் இருந்திருந்தால் இரண்டு பேரையும் இரண்டு திட்டுத் திட்டி உட்கார வைத்திருப்பாய். உன் அப்பா எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அதோடு போயிருந்தால் வீட்டுச் சண்டை என்று விட்டிருப்பேன். ரயில் ஓடிவிட்டது, ஒருநாள்கூட நிற்கவில்லை, கெடு முடிந்ததால் எங்களை யாரும் கூப்பிடவுமில்லை. கையெழுத்துப் போடாமல் நின்றவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஒருநாள் பகலில் உப்பு மாமா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை, செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே நின்றார். "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. உங்களுக்குத் தெரிஞ்சுதான் அவன் கையெழுத்துப் போட்டானா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது வெளியே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று. மற்றவர்களையெல்லாம் போகவிடாமல் தடுத்துவிட்டு மகனுக்கு இடம் பிடித்துக் கொடுத்தாளாம் செயலாளர். எனக்குத் தெரியாது என்று சொன்னேன், என் குரலே எனக்குப் பொய் மாதிரிக் கேட்டது. ஒரே வீடு, ஒரே கூரை, அவன் கோட்டைத் தைத்தவர் என் புருஷன், இதை யார் நம்புவார்கள், நானே வெளியாளாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அன்றைக்கு உன் தம்பியிடம் நானாகப் போய்ப் பேசினேன். ஓய்வறையைப் பூட்டுவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் அங்கே வைத்திருக்கிற சாமான்களை எடுக்க வருவார்கள், அங்கே வந்து எல்லார் முன்னாலும் அம்மாவுக்குத் தெரியாது என்று சொல்லு, வேறெதுவும் வேண்டாம் என்றேன். பழைய ஆட்களோடு நின்று பேசுவது கம்பெனிக்குத் தெரிந்தால் அவன் வேலைக்குத்தான் உலை, அது எனக்கும் தெரியும். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். டியூட்டி முடிந்து அதே கோட்டோடு வந்து நடுவில் நின்று, "எங்கம்மாவுக்குத் தெரியாது. நான்தான் மறைச்சேன்" என்று சொன்னான். மூலையில் யாரோ, நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க என்று முணுமுணுத்தார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள். உப்பு மாமா தன் கரண்டிகளை ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் என் கிட்டே வந்தார். "நான் நம்புறேன்க்கா. ஆனா எனக்கு வேலை இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிற மாதிரிச் சொன்னார். புதுக் கம்பெனி சாப்பாட்டுப் பெட்டியையே எடுத்துவிட்டது, பொட்டலம்தான் கொடுக்கிறார்கள், அவருக்கு இனி அந்த ரயிலில் இடமே கிடையாது. தங்கை வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன், போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் பிறகு போன வாரம் கம்பெனியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பழைய அலுவலகம்தான், புதுச் சாயம் அடித்து வாசனை மூக்கை அடைத்தது. உன் வயதுதான் இருக்கும் அந்த அதிகாரிப் பெண்ணுக்கு, எழுந்து நின்று நாற்காலி போட்டாள், மரியாதையில் ஒரு குறையுமில்லை. புது ஆட்கள் நிற்க மாட்டேன் என்கிறார்களாம், படுக்கைப் பெட்டிகளுக்கு என்னை எடுத்துக்கொள்கிறார்களாம். "உங்க மகன் ரொம்பக் கேட்டுக்கிட்டார்மா" என்று சிரித்தபடி சொன்னாள், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறாள். மற்றவர்களையும் எடுப்பீர்களா என்று கேட்டேன், இப்போதைக்கு உங்களுக்கு மட்டும்தான் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேலை வேண்டாம் என்று சொல்கிற நிலைமையிலா நாம் இருக்கிறோம்.

உன் தம்பிக்கு இது பொறுக்கவில்லை. உனக்காக அவங்க முன்னாடி கெஞ்சிக்கிட்டு நின்னேன் என்றான். நான் அந்த வேலைக்குப் போனால் உப்பு மாமா கேட்ட கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அவனுக்குப் புரியாமலில்லை. "வெளியில என்ன பேசுவாங்கன்னே பாக்குற. நான் உன் புள்ளைன்னு எப்பம்மா பாப்ப?" என்று கேட்டான். அவன் எனக்கு நல்லதுதான் நினைத்தான், இரண்டு தடவையும் நல்லதுதான் நினைத்தான், அந்த நல்லதைத்தான் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. மறுநாளே பெட்டிகளை நிறுத்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு மருமகள் குனிந்து குனிந்து சாமான் கட்டுகிறாள், எந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்று என்னிடம் வந்து கேட்டாள், எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்றேன். கோபத்தில் சொன்னேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள், கண் கலங்கிவிட்டது. உண்மையில் அந்தப் பெண் கனமான தவலையைத் தூக்காமல் இருக்க வேண்டும், யாராவது தூக்கிக் கொடுக்க வேண்டும் என்றுதான் மனதில் ஓடியது, வாயில் வந்தது வேறு. உன் அப்பா வேலை எதுவும் எடுப்பதில்லை, மெஷினை மூடி வைத்துவிட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீ கிளம்பி வா, கொஞ்ச நாள் எங்களோடு இரு என்று எழுதியிருந்தாய். இப்போது வந்தால் ஊரை விட்டு ஓடினாள் என்ற பேரும் சேரும், அதுவும் வேண்டாம். நீயும் இப்போதைக்கு வராதே, லீவு கேட்டு மேலதிகாரியிடம் கெட்ட பேர் வாங்காதே. யார் பக்கம் நியாயம் என்று என்னிடம் கேட்காதே, படுத்துக்கொண்டு அதைத்தான் புரட்டிப் பார்க்கிறேன், எந்தப் பக்கம் திருப்பினாலும் யாருடைய முகமாவது தெரிகிறது. மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் முழுக்கச் சொல்ல வேண்டாம், அம்மாவுக்கு வேலை போய்விட்டது என்று மட்டும் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு, நிறைவாக இருக்க வேண்டும், இப்போது எனக்குக் கேட்கத் தோன்றும் வரம் அவ்வளவுதான். ஒன்றை மட்டும் மறக்காதே. வாரம் ஒரு தடவையாவது தம்பிக்குப் போன் பண்ணு, அக்கா பேசினால் அவன் பேசுவான், நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. குழந்தை பிறந்தால் முதலில் உனக்குத்தான் சொல்வான். எந்த நேரமாக இருந்தாலும் உடனே எனக்குச் சொல்லிவிடு. அவன் சொல்ல மாட்டான், நான் கேட்க மாட்டேன்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா