சுபம் போட்ட கை

விருத்தாசலம்
12.6.2024

அன்புத் தங்கை வேம்புவுக்கு,

மாணிக்கவேல் எழுதுகிறேன். உன் முதல் நாவல் 'வெண்மதி' அச்சாகி வந்துவிட்டது. உனக்குரிய பிரதிகளைப் பெண்ணாடம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். நீ சொன்னபடி வளர்மதி டெய்லர் கடையில் இறக்கிவிடுவார். அட்டையில் உன் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னேன். "உங்க பேரக்கூட இவ்ளோ பெருசா போட்டதில்லயே" என்று என் வீட்டுக்காரி இடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஜங்ஷன் ஸ்டாலில் நன்றாகப் போகிறது. செராமிக் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதுகிற பெண்ணைப் பற்றிய கதை என்றதும், அந்த வேலைக்குப் போகிற பெண்களே வாங்குகிறார்கள்.

ஒரு சின்ன விஷயம். நம் வெள்ளாறு பாக்கெட் நாவல் எதுவானாலும் 'சுபம்' என்றுதான் முடியும், அது அப்பா காலத்து வழக்கம். நீ வெண்மதியைப் புருஷன் வீட்டிலிருந்து பஸ் ஏற்றிவிட்டு அப்படியே நிறுத்திவிட்டாய். கடைசி அத்தியாயத்தை மட்டும் நானே எழுதிச் சேர்த்துவிட்டேன். எல்லா எழுத்தாளர்களுக்கும் செய்வதுதான். அடுத்த கதையை ஆடி முடிவதற்குள் அனுப்பு.

அண்ணன்,
மாணிக்கவேல்

பெண்ணாடம்
24.6.2024

அன்புள்ள பதிப்பாளர் அண்ணனுக்கு,

வேம்பு எழுதிக்கொள்வது. என் போன் எங்கள் அண்ணன் தர்மராஜ் கையில் இருக்கிறது, அதனால் எப்போதும் போலக் கடிதம்தான்.

டெய்லர் கடையில் கட்டைப் பிரித்தபோது என் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தேன். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனேன். வெண்மதி திரும்பிப் போய் அவன் காலில் விழுகிறாள். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்கிறாள். நான் எழுதாத அந்த வரியை என் பெயர் போட்ட புத்தகத்தில் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பிரதிகளை வெட்டுத் துணி மூட்டைக்குள் ஒளித்துவைத்தேன்.

ஒளித்து என்ன பயன்? என் நாத்தனார் ஜங்ஷனில் வாங்கிவிட்டாள். நான் விட்டு வந்த என் வீட்டுக்காரர் நேற்று அந்தப் புத்தகத்தோடு எங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றார். "எழுதுனவ நீதானே? திரும்பி வரேன்னு நீயே எழுதியிருக்க. அப்புறம் என்ன வீம்பு, வூட்டுக்கு வா" என்றார். "வாயால சொல்ல வெக்கப்பட்டுகினு புக்குல எழுதியிருக்குது" என்று எங்கள் அண்ணனும் சிரித்தார். நடுவில் உள்ளதை யாரும் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத்தான் கைக்குக் கை மாற்றுகிறார்கள். என் காதுக்குப் பின்னால் இருக்கிற தழும்பு எப்படி வந்தது என்று எங்கள் அண்ணனுக்குத் தெரியாது. சொல்ல வெட்கப்பட்டுத்தான் கதையாக எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்களை வைத்துப் பேசி என்னை அனுப்பிவிடப் போகிறார்கள். நீங்கள் வந்து, அந்த முடிவை எழுதியது நீங்கள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணே.

தங்கை,
வேம்பு

விருத்தாசலம்
27.6.2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கூனிக் குறுகிப் போனேன். அது உன் சொந்தக் கதை என்று எனக்குத் தோன்றவே இல்லை. கதை என்று வந்தால் எனக்குப் பக்கக் கணக்குதான் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன். அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறேன். தைரியமாக இரு.

மாணிக்கவேல்

பெண்ணாடம்
2.7.2024

பதிப்பாளர் அண்ணனுக்கு,

நீங்கள் வந்தீர்கள். எங்கள் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் உங்களைப் பார்த்தேன். டீ குடித்தீர்கள், யாரோ கும்பிட்டார்கள், நீங்களும் கும்பிட்டீர்கள். விருத்தாசலம் பஸ் வந்ததும் ஏறிவிட்டீர்கள். கூப்பிடத்தான் வாயெடுத்தேன், உங்களுக்கு அவமானமாகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

முடிவை நான் எழுதவில்லை என்று நானேதான் சொன்னேன். "புக்கு போடறவரு தானா எழுதுவாரா? நல்லா இருக்குதே கதை" என்று சிரித்தார்கள். அதன் பிறகு முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். அவர் சூளையில் காய்ச்சிய கம்பியால் சுட்டது என்று சொன்னேன். அத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால், அண்ணே. எங்கள் அண்ணன் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார், இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னை அனுப்பவும் இல்லை.

நீங்கள் இனி பெண்ணாடம் வர வேண்டாம். அடுத்த மாதப் புத்தகத்தில், அந்த முடிவு யார் எழுதியது என்று மட்டும் போடுங்கள்.

வேம்பு

விருத்தாசலம்
5.8.2024

அன்புத் தங்கை வேம்புவுக்கு,

எந்த முகத்தோடு எழுதுவது என்றே தெரியாமல் இத்தனை நாள் ஓடிவிட்டது. உன் வீட்டுக்காரருக்குப் பயந்து நான் திரும்பவில்லை. டீக்கடையில் ஒரு பெரியவர், "வெள்ளாறு நாவல்காரருங்களா? எங்க வூட்ல உங்க கதைன்னா உசுரு" என்று கும்பிட்டார். ரோட்டைத் தாண்டினால் அந்தக் கும்பிடு போய்விடுமே என்று இருந்தது. அவ்வளவுதான் என் யோக்கியதை.

இந்த மாதப் புத்தகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறேன், பார். 'ஜூன் மாத நாவலின் இறுதி அத்தியாயம் அச்சகத் தவறால் மாறிவிட்டது. வருந்துகிறோம்.' முதலில் என் பெயரோடுதான் எழுதினேன். அச்சுக்குப் போகும்போது கை அதை அடித்துவிட்டது.

உன் மனம் ஆறட்டும் என்று ஒரு வாசகி கடிதமும் வைத்திருக்கிறேன். நல்லூர் கமலம் என்பவர் எழுதியது. கோபித்துக்கொண்டு வந்த மகளுக்கு உன் கதையைப் படித்துக்காட்டி, புருஷனிடமே திரும்ப அனுப்பிவிட்டாராம். உனக்கு நன்றி சொல்லியிருக்கிறார். அடுத்த கதையை அனுப்பு, ஒரு எழுத்தைக்கூடத் தொட மாட்டேன்.

அண்ணன்,
மாணிக்கவேல்

பெண்ணாடம்
14.8.2024

பதிப்பாளர் அவர்களுக்கு,

நீங்கள் போட்ட இரண்டு வரியைப் படித்தேன். அச்சு மிஷின் யாரையும் யார் காலிலும் விழவைக்காது.

கமலம் அம்மாவின் கடிதம் வந்த அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதியது நீங்கள்தான், ஆனால் அவர் நன்றி சொன்னது என் பெயருக்கு. அதனால் வெட்கமும் என்னுடையதுதான். நேற்று நல்லூர் போனேன். அவர் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன், அப்போது டீக்கடையில் நின்ற உங்களை நினைத்துக்கொண்டேன். திரும்பிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. பிறகு உள்ளே போய், அந்தக் கடைசி அத்தியாயம் பொய்யம்மா என்று சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "நெஜமா நீ எப்படிம்மா முடிச்ச?" என்று கேட்டார். வெண்மதி பஸ் ஏறியதைச் சொன்னேன். காதையும் காட்டினேன். "நான் அனுப்பறப்ப எம்பொண்ணும் எதையோ சொல்ல வந்துது. நாந்தான் வாய மூடுன்னுட்டேன்" என்றார்.

உங்களுக்கு நான் இனி கதை அனுப்பப் போவதில்லை. 'வெண்மதி'யைத் திரும்ப அச்சடித்தால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.

கமலம் அம்மாவின் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது விருத்தாசலத்தில்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போகிறோம். பஸ் உங்கள் பதிப்பகத்தைத் தாண்டித்தான் போகும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் வெளியே வந்து நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
வேம்பு