உன் மகள் வேலையை விடவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எனக்கும் உன் மகளுக்கும் காய்ச்சலில்லை, இருமலில்லை. முதலில் இதைச் சொல்லிவிட்டால்தான் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய். மாப்பிள்ளையும் நீயும் அங்கே வெளியில் தலைகாட்டாமல் இருப்பதாகச் சொன்னாய். அப்படியே இருங்கள்.

"அந்த வேலையை விடச் சொல்லும்மா, நீ சொன்னால் கேட்பாள்" என்று போனில் அழுதாய். நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றத்தான் நேரம் சரியாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இது அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடம் என்றதும் உனக்குப் பயம். அவள் துணியைத் தொடுவதில்லை. வேலையாட்களின் லீவு, சம்பளத்தைக் கவனிக்கும் வேலை, மாடியில் தனி அறை. இந்த நோய் வந்ததிலிருந்து வேலைச் சட்டம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. யாருக்குச் சம்பளத்தோடு லீவு, யாரை நிறுத்தக் கூடாது என்று அரசாங்கத்தின் பழைய உத்தரவை மனதில் ஏற்றுவதற்குள் புதியது வந்து நிற்கிறது. பல் துலக்கிக்கொண்டே அதைப் படிக்கிறாள். படித்தால் போதுமா, ஆட்களுக்குப் புரிய வேண்டாமா? மிஷின் சத்தத்தில் ஒருவர் வாயசைவை ஒருவர் பார்த்தே பேசிப் பழகியவர்கள் அவர்கள். இப்போது எல்லோர் வாயும் முகக்கவசத்துக்குள். அதனால் ஷிப்டு மாறும்போது மிஷினை நிறுத்தச் சொல்லி, மூட்டை ஏற்றும் மேடையில் ஏறி நின்று சொல்கிறாள். மிஷின் நின்றால் மானேஜருக்கு உயிரே போய்விடும். ஆனாலும் இவளுக்காக நிறுத்துகிறார். எனக்குப் பெருமை வருமா வராதா, நீயே சொல்.

மேடை ஏறுவதற்கு முன் என்னிடம் சொல்லிப் பார்ப்பாள். நான் கொட்டாவி விட்டால் இன்னும் எளிதாக மாற்றுவாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கு இப்போதுதான் ஒரு பிரயோஜனம்.

போன மாதம் நடந்ததைக் கேள். துணி மடிக்கும் பிரிவில் ஒரு பெண். அவள் புருஷனுக்கு நோய் கண்டது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் கூட இருப்பவர்களும் வீட்டிலேயே இருக்க வேண்டும், வேலை போகாது என்று உன் மகள் மேடையில் சொல்லியிருந்தாள். அதை நம்பி அந்தப் பெண் வீட்டில் இருந்துவிட்டாள். நடுவில் உத்தரவு மாறியது. டாக்டர் சீட்டை உடனே அனுப்பினால்தான் லீவு, இல்லாவிட்டால் வேலை போகும் என்றார்கள். உன் மகள் அதையும் மேடையேறிச் சொன்னாள். யாருக்குச் சொன்னாள்? எதிரே நின்றவர்களுக்கு! வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லீவுச் சட்டத்தை விளக்கியவள், லீவில் இருந்தவளுக்குச் சொல்ல மறந்துபோனாள். சீட்டு வரவில்லை என்று மானேஜர் அந்தப் பெண்ணின் பெயரை அடித்துவிட்டார்.

அந்தப் பெண் போன் செய்தாள். "மேடம், நீங்க சொன்னதாலதானே வீட்ல இருந்தேன், இப்ப நீங்களே என்னை நிறுத்திட்டீங்களா" என்று கேட்டாளாம். அவ்வளவுதான் கேட்டாள். உன் மகள் சாப்பிடவில்லை. "அந்த அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும் பாட்டி" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பெரிய நாற்காலியில் உட்காரவைத்து, "நீதான் மானேஜர்" என்றாள். நானும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "உத்தரவுன்னா உத்தரவு, ஆளாளுக்கு ஒரு சட்டமா" என்று அதட்டினேன். நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். அவங்க லீவு எடுத்த அன்னைக்கு இந்த உத்தரவே கிடையாது, பழசைக் கேட்டு வீட்ல இருந்தவங்களைப் புதுசைக் காட்டி அனுப்ப முடியாது, புதுசு வந்ததைச் சொல்லாதது என் தப்பு என்றாள். "தப்பு உன்னுதுன்னா நீ போறியா" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். "போறேன் சார். அவங்களை உள்ள கூட்டிட்டு வந்துட்டுப் போறேன்" என்றாள். என் மானேஜர் உத்தியோகம் அத்தோடு போயிற்று.

மறுநாள் நிஜ மானேஜரும் அதையே கேட்டாராம். இவளும் அதே பதிலைச் சொன்னாளாம். இவள் சொல்வது தப்பு என்று காட்டுவதற்காக, இவள் எதிரிலேயே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறார். அங்கே இருந்த அதிகாரி, அந்தம்மா சொல்றதுதான் சரி, தகவல் கொடுக்காம நிறுத்தியிருந்தா திரும்ப எடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டார். போனை வைத்த மனுஷர், "இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா" என்று இவளையே கோபித்துக்கொண்டாராம்! அப்போ நான் போகணுமா சார் என்று கேட்டதற்கு, "நீயும் போயிட்டா இந்த உத்தரவையெல்லாம் யாரு படிக்கிறது, போய் வேலையைப் பாரு" என்றாராம்.

அந்தப் பெண்ணின் புருஷனுக்கு இப்போது குணமாகிவிட்டது. அவளும் வேலைக்கு வந்துவிட்டாள். புது உத்தரவு வந்தால் இப்போதெல்லாம் உன் மகள் மேடையோடு நிறுத்துவதில்லை. வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுச் சொல்லி, அவர்களைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் வைக்கிறாள். அவள் விலகிவிட்டால் அவர்களை யார் கூப்பிடுவார்கள்? அதனால் நான் அவளை வேலையை விடச் சொல்லப்போவதில்லை. கோபம் வந்தால் என்னைத் திட்டிக்கொள்.

உன் பயம் எனக்குப் புரியாமலில்லை. அவள் வந்து, பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டு, "பாட்டி" என்று கூப்பிடும்வரை அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருப்பேன். எல்லாம் காலையிலேயே தேய்த்த பாத்திரம்தான். இதை அவளிடம் நான் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே. அடுத்த முறை பேசும்போது, இன்றைக்கு என்ன உத்தரவு வந்தது என்று மட்டும் கேள். அவள் சொல்லச் சொல்ல நீ அழாமல் கேட்டுக்கொண்டிரு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

ஊரடங்கு முடிந்து வழி திறந்த அன்றே இருவரும் புறப்பட்டு வாருங்கள். நோய் நொடி அண்டாமல், நீங்கள் அங்கேயும் அவள் இங்கேயும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா