விசிறிக்கு நேரான இருக்கை

இன்று காலை விமான நிலையத்தில் என் கைப்பையை நிறுத்திவிட்டார்கள். உள்ளே கட்டைவிரல் பருமனில் ஓர் எஃகுத் துண்டு, அதன் அடியில் ஸ்பிரிங் மாதிரி சின்னதாக ஒரு தகட்டு வில். "இது எந்தா மேடம்?" என்றார் மலையாளிக் காவலர். "கூட்டுகாரி தந்ததா" என்று, தோழி உன்னைச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். விமானத்தின் எடையைக் குறைப்பதே பிழைப்பாக இருப்பவள் உதவாத இரும்பைச் சுமந்துகொண்டு அலைகிறாள் என்று, நீ இருந்திருந்தால் கெக்கலித்திருப்பாய்.

பக்கத்தில் உன் அம்மா நின்றிருந்தார். நம்பமாட்டாய், உன் அம்மாவேதான்.

எல்லாம் அவரால் வந்த வினைதானே. இறக்கையில் விசிறி வைத்த சின்ன விமானத்தில் அவரைப் பெங்களூருக்கு, உன் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போனாய். விசிறிக்கு நேரான வரிசை. "மிக்சிக்குள்ள உக்காந்துண்டு வந்த மாதிரி இருந்துதுடீ. இனி எனக்குப் பஸ்ஸே போறும்" என்று இறங்கியதும் கும்பிடு போட்டுவிட்டார். ஆபீஸில் நீ அதை நடித்துக் காட்ட, எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. "வழியெல்லாம் என்னமோ சொல்லிண்டே வந்தாடீ. ஒரு வார்த்தை என் காதுல விழல."

அதே ரக விமானங்களின் உட்புறத்தைப் புதுப்பிக்கும் வேலை நமக்கு வந்ததும், இரைச்சலைக் குறைத்தே தீருவேன் என்று நீ விடவில்லை. இரைச்சலைத் தடுக்கச் சுவருக்குள் மெத்தையைக் கூட்டினால் எடை ஏறும். எடை ஏறினால் எரிபொருள் கூடும். ஒன்றை ஏற்றினால் ஒன்றை இறக்கு என்று நான் நின்றேன். "பிசினாறி!" என்று கத்திவிட்டுப் போவாய்.

பிறகுதான் இந்தத் துண்டு பிறந்தது. விசிறி காற்றை அடிக்கும் தாளத்தில் சுவர் அதிரும். அதே தாளத்துக்கு ஆடும் வில்லில் ஒரு துண்டைப் பொருத்தினால், அதிர்வை அது வாங்கிக்கொள்ளும், சுவர் அடங்கும். விசிறிக்கு நேரே மட்டும் இவற்றை வைத்து, பின்வரிசைகளில் தடித்த மெத்தையை உரித்து எடுத்தாய். கூட்டிப் பார்த்தால் விமானம் முன்பைவிட இலேசு. முதலில் செய்து தோற்ற துண்டை என் மேசையில் வைத்தாய். "வெச்சுக்கோ. அம்மாவை அதே வரிசையில உக்கார வெக்கணும், கேட்டியா?"

அதற்குள் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான்.

அம்மாவைச் சம்மதிக்கவைப்பது எளிதாக இல்லை. போகும்போதெல்லாம் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். "அவளே இல்ல, எனக்கெதுக்குப் பிளேன்?" கடைசியில் நீ கேட்டதைச் சொன்னேன். காப்பி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "செரி, வரேன்" என்றார்.

நாம் புதுப்பித்த விமானத்தில், அதே வரிசையில், ஜன்னலோரம் உட்காரவைத்தேன். கிளம்புமுன்னே முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். கடலுக்கு மேலே திரும்பிய பிறகு மெல்லக் கையை எடுத்தார். வெளியே விசிறியைப் பார்த்தார். "ஓடறதோன்னோ?" என்றார் கவலையாக. நான் சிரித்துவிட்டேன்.

பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே, தனக்குத்தானே சொல்வதுபோல முணுமுணுத்தார். "அன்னிக்கு வழியெல்லாம் அவகிட்ட என்ன சொல்லிண்டு வந்தேன் தெரியுமோ? கண்ணெல்லாம் குழிஞ்சு கிடக்கு, செத்த தூங்குடீன்னுதான்."

ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. உன் இரும்போடு இனி அதையும் நான்தான் சுமக்க வேண்டும்.