சத்தம் குறைஞ்ச துவக்கு

அண்ணை,

சவுக்காரம் போட்டுக் கழுவியும் துவக்கு எண்ணெயின் மணம் கையை விட்டுப் போகவில்லை. உங்கள் செத்தவீடும் முடிந்து, உங்கள் துவக்கு இன்றைக்குத்தான் என் பெயருக்கு மாறி வந்தது. உடம்பெல்லாம் ஒரே அலுப்பு. எஸ்பியர்க் நகருக்கு வெளியே, உங்கள் வீட்டுக்குப் பின்னால் நாங்கள் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தைத் தனியே பார்க்க எனக்கு ஏலாமல் இருக்கிறது. லீக்ஸையும் கோவா இலையையும் முயல்கள் தின்று முடிக்கின்றன.

துவக்கை வாங்கப் போன நாள் நினைவிருக்கிறதா? வேட்டை அனுமதிப் பரீட்சை பாஸ் பண்ணின புழுகத்தில் சிரித்தபடி நின்றோம். கடைக்காரன் பதினேழு கலிபரை எடுத்து நீட்டினான். தோட்டா வேகமானது, தூரத்து முயலும் தப்பாது என்றான். எனக்கு ஆசை பிடித்துவிட்டது. நீங்களோ சத்தம் எப்படி என்று மட்டும் கேட்டீர்கள். சவுக்கால் அடித்த மாதிரி என்றான். உடனே இருபத்திரண்டு கலிபரும், மெதுவாகப் போகும் தோட்டாவும், சத்தம் குறைக்கிற குழாயும் கேட்டு வாங்கினீர்கள்.

எனக்கு எரிச்சல். "என்னண்ணை, முயலுக்குக் கிட்டப்போய் முத்தம் குடுத்திட்டே சுடுறது?" என்றேன்.

"அவளுக்கு வெடிச்சத்தம் ஏலாதடாப்பா, தெரியுந்தானே."

தெரியும். உங்கள் மனுசி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ. ஷெல்லடியில் தம்பியைப் பறிகொடுத்தவ. இங்கே புதுவருட வாணவெடிக்கும் மேசைக்குக் கீழே போய்க் காதைப் பொத்திக்கொள்ளுவா.

அதனால் கிட்டப் போனால்தான் படும் அந்த மெதுவான தோட்டாவை நம்பி, நோகிற முழங்காலோடு ஈரப் புல்லில் ஊர்ந்து போவீர்கள். நான் பின்னால் நின்று நக்கல் அடிப்பேன். மேசை லாச்சியைச் சாத்தின மாதிரி 'டப்' என்று ஒரு சத்தம். அது கேட்டால் அக்கா தேத்தண்ணிக்குக் கேத்திலை வைப்பா. நீங்கள் வரப்போகிறீர்கள் என்று அர்த்தம்.

இன்றைக்குப் பின்னேரம் அக்காவிடம் கேட்டேன்: "இனி நான் சுடட்டோ? பயமெண்டால் விடுவம், தோட்டத்தைச் சுத்தி வலை அடிப்பம்."

"சுடுங்கோ தம்பி. இப்ப வீட்டில ஒரு சத்தமும் இல்லை."

ஊர்ந்து போனேன். புல் ஈரம் நெஞ்சுவரை ஊறியது. சுட்டேன், முயல் தப்பி ஓடிவிட்டது.

குசினிக் கதவு திறந்தது. "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி..." என்று உங்களைக் கூப்பிட்டபடி வந்த அக்கா, என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டா.

களைத்துத்தான் போனேன் அண்ணை. ஆனாலும் நாளைக்கும் போவேன். கிட்டப் போய்த்தான் சுடுவேன்.