மொட்டை போட்டதால் நின்றுபோன கருமுட்டை தானம்

அனுப்புநர்:
திருமதி இரா. உமாமகேஸ்வரி (வயது 34),
க/பெ. இராஜமாணிக்கம்,
அரசு ஊழியர் குடியிருப்பு, செக்டர் 4,
ஆர்.கே.புரம், புது தில்லி.

பெறுநர்:
உயர்திரு உள்ளுறை ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு விருந்தினர் இல்லம்,
சாணக்யபுரி, புது தில்லி.

பொருள்: நேர்த்திக்கடனுக்காக முடி இறக்கிய காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டுள்ள எனது கருமுட்டை தானத்தைத் தொடர ஏதுவாக, சான்றுக் கடிதம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த நான், மத்திய அரசு அலுவலகமொன்றில் ஓட்டுநராக இருக்கும் என் கணவருடன் பதினொரு ஆண்டுகளாகத் தில்லியில் வசித்து வருகிறேன். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். எங்களுக்கு அபூர்வா என்ற எட்டு வயது மகள் இருக்கிறாள். இதுவரை எந்த அலுவலகத்துக்கும் நான் மனு எழுதியதில்லை. எழுதும் முதல் மனுவே என் தலையைப் பற்றியதாக அமையும் என்று நினைத்ததும் இல்லை.

2. ஊரில் இருக்கும் என் அக்கா அகல்யாவுக்குத் திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகள் குழந்தை இல்லை. கடைசியில் தானமாகக் கிடைத்த கருமுட்டையால் இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. (அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.) அந்தக் குழந்தை இப்போது வீட்டில் ஒரு பாத்திரத்தையும் அலமாரியில் தங்கவிடுவதில்லை. அக்கா அதை எல்லோரிடமும் புகார் போலச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகிறார். கொடுத்த பெண் யாரென்று எங்களுக்குத் தெரியாது, தெரிவிக்கச் சட்டத்தில் இடமும் இல்லை. அவருக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்கவோ, வீட்டுக்கு அழைத்து ஒரு வாய் சோறு போடவோ வழியில்லை. ஆகவே, யாரோ எங்களுக்குச் செய்ததை நான் வேறு யாருக்காவது செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

3. அதன்படி கடந்த ஏப்ரல் மாதம் கரோல் பாகிலுள்ள ஒரு கருமுட்டை வங்கியில் பெயர் பதிந்துகொண்டேன். தானம் செய்பவருக்கு மூன்று வயதுக்குக் குறையாத சொந்தக் குழந்தை இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தர முடியும், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று விவரமாகச் சொன்னார்கள். ஊசிகளால் வரக்கூடிய வயிற்று உப்புசம் முதல் பெரிய சிக்கல்கள் வரை ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்குக் காப்பீடும் எடுத்தார்கள். எல்லாப் பரிசோதனைகளிலும் தேறினேன். பத்தாம் வகுப்பில்கூட நான் எல்லாவற்றிலும் தேறியதில்லை என்பதால் அன்று வீட்டில் கேசரி கிளறினேன்.

4. ஒரு தம்பதிக்கு என் கருமுட்டை பொருந்துகிறது என்று மே மாதக் கடைசியில் செய்தி வந்தது. அவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை சிகிச்சை பலிக்காமல் ஏமாந்தவர்கள் என்பதை மட்டும் நர்ஸ் அம்மா சொன்னார். பஞ்சாபியா, மலையாளியா, ஏழையா, வசதியானவர்களா, எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. பிள்ளை வளர்ந்து ரசம் வேண்டுமென்று அடம்பிடித்தால் அவர்கள் திகைத்துப்போகாமல் இருந்தால் சரி.

5. இந்த இடத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். என் கருமுட்டையைப் பெறப்போகும் அந்த அம்மாவுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்தால் முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் நிறைவேறிய பிறகு செலுத்துவதுதான் முறை என்பதை அறிவேன். ஆனால் அந்தக் குழந்தை பிறந்ததா இல்லையா என்று எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை. கடனை எப்போது கட்டுவது? தெய்வத்துக்குப் பாக்கி வைத்துவிட்டுக் காலமெல்லாம் தவிக்க மனமில்லாமல், வைகாசி விசாகத்தன்று முன்கூட்டியே முடி இறக்கிவிட்டு, இங்குள்ள முருகன் கோயிலான மலை மந்திர் போய்க் கும்பிட்டு வந்தேன். கதவைத் திறந்த என் கணவர், "யாருங்க வேணும்?" என்று கேட்டார். அவர் அப்போது கண்ணாடி போட்டிருக்கவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

6. மறுநாளுக்கு மறுநாள், ஜூன் 11 அன்று, கணவரும் நானும் வங்கிக்குப் போனோம். ஆவணத்தில் ஒட்டிய புகைப்படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த அங்கிருந்த ஊழியர், "யே ஆப் நஹீ ஹை, மேடம்" என்றார். இது நீங்கள் இல்லை என்று பொருள். விரல் ரேகை ஒத்துப்போனது. ஆனாலும், ஒருவர் பெயரில் இன்னொருவர் வருவதுண்டாம், புகைப்படமும் ஒத்துப்போக வேண்டுமாம். அடுத்து வந்த ஒருங்கிணைப்பாளர் அம்மையார், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறீர்களா என்று மெல்லிய குரலில் கேட்டார். இல்லை என்றதும், இன்னும் மெல்லிய குரலில், கணவர் தவறிவிட்டாரா என்றார். கணவர் என் பக்கத்தில்தான் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரே மொட்டைக்கு மூன்று சந்தேகங்கள். "நம்மூர்ல பொம்பளைங்களும் முடி எறக்குவாங்க" என்பதை என் இந்தியில் சொல்லிப் பார்த்தேன். என் இந்தி காய்கறி வாங்கப் போதும், இதற்குப் போதவில்லை.

7. முடிவில், புகைப்படத்தில் உள்ளபடி முடி வளர்ந்த பிறகு வரும்படி கூறி என் கோப்பை நிறுத்திவைத்துவிட்டார்கள். அந்தப் படத்தில் என் பின்னல் முன்பக்கம் கிடக்கிறது. நான் அளவு நாடாவோடு பிழைப்பவள். அது முப்பத்திரண்டு அங்குலம். முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளர்ந்தால் ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். எனக்கோ வரும் ஆகஸ்ட் 19 அன்று முப்பத்தைந்து நிறைகிறது. அதற்குப் பிறகு நான் கெஞ்சினாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

8. ஊசிகள் இம்மாதம் 26ஆம் தேதி தொடங்க வேண்டும். அதே கணக்கில் அந்த அம்மாவின் உடலையும் மருந்து கொடுத்துத் தயார் செய்கிறார்கள். எனக்காவது எட்டு வயது மகள் இருக்கிறாள், என் மொட்டைக்குச் சந்தனம் பூசி விளையாடுகிறாள். அந்த அம்மா மூன்றாவது முறையும் ஏமாந்தால் அதற்கு என் அவசரப் பக்தியே காரணமாகிவிடும். அதை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு நின்றுபோகிறது.

9. வங்கியின் மீது எனக்குக் கோபமில்லை. ஆள்மாறாட்டத்துக்கு இடம் தராமல் பார்ப்பது என்னைப் போன்றவர்களுக்கும் பாதுகாப்புதான். எனவே, தமிழ்நாட்டில் பெண்களும் நேர்த்திக்கடனாக முடி இறக்குவது வழக்கம் என்றும், அது நோயோ துக்கமோ அல்ல என்றும், என் ஆவணங்களைச் சரிபார்த்ததில் அந்த உமாமகேஸ்வரியும் இந்த உமாமகேஸ்வரியும் ஒருவரே என்றும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒரு கடிதம் தந்துதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நேரில் வரச் சொன்னால் உடனே வருகிறேன். வாசலில் காவலர் என்னை அடையாளம் காண்பதில் சிரமம் இருக்காது.

10. அந்தக் குழந்தை பிறக்கும் நாள் எனக்குத் தெரியப்போவதில்லை. ஆகையால் 26ஆம் தேதி முதல் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பியதும் கேசரி கிளறி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். தங்கள் அலுவலகத்துக்கும் ஒரு டப்பா வந்து சேரும்.

ரவை வாங்கிவைத்துவிட்டுத் தங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
இரா. உமாமகேஸ்வரி

இடம்: புது தில்லி
நாள்: 13.06.2025

இணைப்பு:
ஆதார் நகல், வங்கியின் முகவரியும் கோப்பு எண்ணும், பின்னலுடன் ஒரு புகைப்படம், பின்னல் இல்லாமல் ஒரு புகைப்படம் (சிரிப்பு இரண்டிலும் ஒன்றுதான், ஒப்பிட்டுப் பார்க்கவும்).