மனைவியின் படிப்புக்கு நான் போட்ட கணக்கு

மே 6

"நான் படிக்கப் போனா லாபமா, நஷ்டமா? கணக்கு வாத்தியார்தானே, போட்டுச் சொல்லுங்க." நேற்று பல் துலக்கிக்கொண்டே என் மனைவி கேட்ட கேள்வி. வாயில் நுரை இருந்ததால் விளையாட்டு என்று நினைத்தேன். இன்று காலை சாப்பாட்டு மேசையில் கல்லூரி விண்ணப்பம் இருந்தது. சுற்றுச்சூழல் பொறியியல், மாலை நேரப் பட்டப்படிப்பு, நான்கு வருடம். வேலை முடிந்து நேராக வகுப்பு. வீடு திரும்ப இரவு ஒன்பதரை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 31.

அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் இருபத்தைந்து வருடமாக உதவியாளர்.

மே 7

இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன். போன வாரம் நடந்ததைச் சொன்னாள். வெளியே போகும் தண்ணீரில் அம்மோனியா கூடிவிட்டது அவளுடைய சோதனையில் தெரிந்துவிட்டது. கால்வாய்க்குப் போகிற வால்வை மூட வேண்டும். மூடச் சொல்லும் அதிகாரம் பொறியாளருக்கு மட்டும்தான். அவர் ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றாராம். நாலு தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை. ஐந்தாம் தடவை எடுத்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று இவளையே கேட்டு, இவள் சொன்னதை இவளுக்கே உத்தரவாகத் திருப்பிச் சொன்னார். அதற்குள் நாற்பது நிமிடத் தண்ணீர் போயே போய்விட்டது.

"அந்த வால்வ மூட என் கையில பலம் இருக்குங்க. கையெழுத்துதான் இல்ல."

இந்தப் பொறியாளர் ஏழாமவர். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் முதல் ஆறு மாதம் இவள்தான் தொட்டி தொட்டியாகக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுப்பாள். ஏழாம் மாதம் அவர்கள் இவளுடைய விடுப்பு விண்ணப்பத்தை மறுப்பார்கள். வீட்டில் அவர்களை எண்ணால்தான் சொல்வோம். மூணாவது தங்கமான பையன். அஞ்சாவது சிடுமூஞ்சி.

மே 9

கணக்குப் போட்டாயிற்று. ரூபாயில் போட்டால் தலை சுற்றும் என்று அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டேன். வகுப்பில் மாம்பழம், ஆரஞ்சு என்று வைத்துச் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

செலவு: நான்கு வருடக் கட்டணம் 17. பஸ், புத்தகம், புதுக் கண்ணாடி 3. மாலையில் வெளிச்சாப்பாடு 7. இதர 2. ஆக 29.

வரவு: பட்டம் வாங்கும்போது வயது 52. ஓய்வு 60-இல். மிச்சம் எட்டு வருடம். சம்பளம் கால் பங்கு கூடினால் வருடத்துக்கு 3. எட்டு மூன்று இருபத்து நான்கு.

நஷ்டம் 5. கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன். அவள் ஒரு வரியைக்கூடச் சரிபார்க்கவில்லை. "வாத்தியார் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, விண்ணப்பத்தை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டாள்.

மே 10

மேசை ஆடவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மே 17

இவளுக்குச் சளி, விடுப்பு. பதினோரு மணிக்கு ஏழாமவரே வீட்டுக்கு வந்துவிட்டார். ஏதோ ஒரு தொட்டியில் நுரை பொங்குகிறதாம். அவள் போர்வைக்குள் இருந்தபடியே காற்றைக் குறை, இதைத் திற, அதைத் தொடாதே என்று சொல்ல, அவர் நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டார்.

வாசல்வரை போய், பட்டம் இருந்தால் இவளுக்குப் பதவி கிடைக்குமா என்று மெல்லக் கேட்டேன். இடம் காலியானால்தான் கிடைக்கும், உறுதி சொல்ல முடியாது என்றார். செருப்பு மாட்டும்போது, "ஆனா சார், அக்கா படிச்சிட்டு வந்தா நான் ராத்திரி நிம்மதியாத் தூங்குவேன்" என்றார்.

தூக்கத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மே 28

ஓய்வூதியம் எடுக்க வங்கிக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் பதினான்கு பேர். கையிலிருந்த பாஸ்புக்கைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது திக்கென்றது. ஓய்வூதியம்! அவளுக்கும் வரும், கடைசிச் சம்பளத்தில் பாதி. சம்பளம் கூடினால் இதுவும் கூடும். வருடத்துக்கு ஒன்றரை. எண்பது வயதுவரை இருந்தால் முப்பது. ஒவ்வொரு வேளையும் ஓய்வூதியத்தில் சாப்பிடுகிறவன், அதற்கு ஒரு வரி எழுத மறந்திருக்கிறேன்.

எப்படி மறந்தேன்?

மே 29

மறக்கவில்லை. தேடவில்லை.

பையன்கள் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு, அது வருகிறமாதிரி வழியை எழுதுவார்கள். நடுவில் ஓர் எண் எங்கிருந்தோ குதித்திருக்கும். அதைச் சிவப்பு மையால் சுழித்து, "இது எங்கிருந்து வந்தது?" என்று எழுதுவேன். முப்பத்திரண்டு வருடம் எழுதினேன். இன்று என் தாளில் இரண்டு சுழி. வெளிச்சாப்பாடு 7. இதர 2.

எட்டு வயதிலிருந்து எண்ணைத் தெரியும். அறுபதில் அதை வைத்துப் பொய் சொல்லியிருக்கிறேன் — அதுவும் அவளிடம். அவள் நம்பினாளே!

மே 30

காலையிலேயே சொல்லிவிட்டேன். தாளையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள்.

"சாயந்தரச் சாப்பாட்டுக்கு ஏழு மாசச் சம்பளமா? உங்களுக்கு வயிறா, இல்ல எங்க தொட்டியா?"

நானே சமைக்கிறேன் என்றேன்.

"அப்ப எனக்கு மருந்துச் செலவு எழுதணும். சரி, அந்த 'இதர' என்ன?"

எழுந்து நின்று சொன்னேன். பிள்ளைகள் கரும்பலகை முன்னால் நிற்பார்களே, அதேபோல.

"சாயந்தரம் ஆறரைக்கு நீ வருவ. பேக்க வெச்சிட்டு, அன்னிக்கு யார் என்ன பண்ணாங்கன்னு திட்டிக்கிட்டே டீ போடுவ. பள்ளிக்கூடத்துல ரிடையர் ஆனதுக்கப்புறம் நாள் முழுக்க எனக்கு அது ஒண்ணுதான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். சளியாகவும் இருக்கலாம்.

"மேசையத் தூக்குங்க" என்றாள். "நாளைக்குக் கடைசி நாள்."

மே 31

கொடுத்துவிட்டோம். தாளில் மேசைக்கால் அச்சு வட்டமாக விழுந்திருந்தது. குமாஸ்தா அதை ஏதோ அலுவலக முத்திரை என்று நினைத்து அதன் மேலேயே கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 14

முதல் வகுப்பு. கழிவுநீர்ப் பாடத்துக்கு விரிவுரையாளர் யார் என்றால், மூணாவது! இவள் உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டாராம். மாணவி வந்து ஆசிரியர் எழுந்தால் வகுப்பு என்னாவது? "அக்கா, தயவுசெஞ்சு கடைசி பெஞ்சுல உக்காருங்க, எனக்குப் பாடமே மறந்துடுது" என்று ரகசியமாகக் கெஞ்சினாராம்.

பத்தேகாலுக்குத் தூங்கப் போனோம். வசவு முழுக்க முக்கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. முன்பைவிட வேகம்.

ஆகஸ்ட் 3

சோறு குழைந்தது. கரண்டியால் வெட்டிப் பரிமாறினேன்.

செப்டம்பர் 20

ஞாயிறுதோறும் அவளுக்குக் கணக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எளிதாக ஆரம்பிப்போம் என்று பழைய உதாரணத்தை எடுத்தேன். ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், அடியில் இன்னொன்று ஐந்து மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் திறந்தால் எப்போது நிரம்பும்?

"அடிக் குழாய எதுக்குத் திறந்து வெச்சிருக்கான்?"

கணக்குக்காக என்றேன்.

"எந்த ஷிப்டு ஆள் அவன்? மெமோ குடுத்தாங்களா?"

ஒரு மணி நேரம் அந்த ஆளை விசாரித்தோம். தொட்டி நிரம்பவே இல்லை.

டிசம்பர் 18

முதல் பருவ முடிவு வந்தது. வேதியியலில் வகுப்பிலேயே முதல். கழிவுநீரில் முழு மதிப்பெண். திருத்தவே பயமாக இருந்தது என்று மூணாவது சொன்னாராம். கணக்கில் 31. தேறுவதற்கு 40 வேண்டும்.

ஊரெல்லாம் என்னிடம் படித்துத் தேறியிருக்கிறது. தேறாதது வீட்டில் ஒரே ஒருத்தி, அதுவும் கணக்கில் மட்டும்.

வெளியூரில் இருக்கும் எங்கள் மகள் தொலைபேசியில் சிரித்துச் சிரித்து இருமினாள். இவள் அவளிடம், "என் தப்பு இல்லடி, வாத்தியார் சரியில்ல" என்று சொன்னது அடுத்த அறையில் எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். மறுதேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள். எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள்: நிஜமாக எங்கேயாவது நடக்கக்கூடிய இருபது கணக்கு எழுதி வைக்க வேண்டும். பதினொன்று எழுதிவிட்டேன்.

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்து, அவரும் வீட்டில் ஒருவரின் படிப்புக்கு வரவு செலவு பார்க்கிறவராக இருந்தால், ஒன்று செய்து பார்க்கட்டும்: எந்த விடை வந்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்பதைத் தாளின் மேலே முதல் வரியாக எழுதுங்கள், எழுதியதும் பேனாவைப் படிக்கப் போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.