சிரிப்பை அடக்கிய டீச்சரம்மா

மார்ச் 3

என் டீச்சரம்மாவுக்கு,

நேரில் கேட்டால் "தூக்கம் வருது, நாளைக்குப் பேசலாம்" என்பாய். அதனால் இதை எழுதி உன் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைக்கிறேன். சின்னவள் பிறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நீ இன்னும் பிள்ளைகள் அறையில்தான் படுக்கிறாய். அதுகூடப் பரவாயில்லை. நேற்று லிஃப்டில் மாட்டிக்கொண்ட மேனேஜர் கதையைச் சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து ஓடிவிட்டாயே! என் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரித்தவள் நீ. உனக்கு நான் கசந்துவிட்டேனா? உள்ளதைச் சொல், தாங்கிக்கொள்வேன். பொய். தாங்க மாட்டேன்.

உன் லிஃப்ட் மெக்கானிக்

மார்ச் 4

என்னங்க,

ஸ்டாஃப் ரூமில் உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். கசக்கவுமில்லை, புளிக்கவுமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிரசவத்துக்கு அப்புறம் சிரித்தால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. மேனேஜர் கதைக்குச் சிரிப்பு வந்ததால்தான் ஓடினேன். பக்கத்தில் படுத்தால் வாடை வருமோ, முகம் சுளிப்பீர்களோ என்று பயம்.

உங்கள் டீச்சர்

மார்ச் 5

அசடே,

இத்தனை நாள் இதைத் தனியாகவா சுமந்தாய்? உன்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். டாக்டரிடம் போகிறோம்.

மெக்கானிக்

மார்ச் 14

என்னங்க,

டாக்டர் அனுப்பிய பிஸியோதெரபி அம்மாவைப் பார்த்தேன். மூத்திரப்பையையும் கர்ப்பப்பையையும் அடியிலிருந்து தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கின்றனவாம். பயிற்சியில் பெரும்பாலும் சரியாகுமாம். தாம்பத்திய சுகத்துக்கும் அதே தசைகள்தானாம். "லிஃப்ட் மாதிரி நினைச்சுக்கோங்க. மாடி மாடியா மேலே இழுத்து நிறுத்துங்க, மெதுவா இறக்குங்க" என்றார். உங்கள் முகம் ஞாபகம் வந்து சிரித்துத் தொலைத்தேன். கசிந்தும் தொலைத்தது.

டீச்சர்

மார்ச் 15

டீச்சரம்மா,

லிஃப்டைப் பற்றி எனக்கே பாடமா? முழுசாக இறக்கி நிறுத்துவதும் முக்கியம், மறக்காதே. மூச்சைப் பிடிக்காதே. ஆம்பளைக்கும் இந்தத் தசை உண்டாம், விசாரித்தேன். நானும் மூன்று வேளை செய்கிறேன். "என்னப்பா, முகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றார் மேனேஜர். மற்றதற்கு அவசரமில்லை. நீயாக வரும்வரை காத்திருப்பேன்.

மெக்கானிக்

ஜூன் 20

என்னங்க,

நேற்று பெரியவன் உங்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு, "லிஃப்ட் ரிப்பேர், எல்லாரும் படியில ஏறுங்க" என்று அதட்டினானே. வயிறு வலிக்கச் சிரித்தேன். நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, நான் எழுந்து ஓடவில்லை. கண்ணில்தான் நீர் வந்தது, வேறெங்கும் இல்லை.

இன்று காலை என் தலையணையை நம் அறையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாளையிலிருந்து டிபன் பாக்ஸுக்கு அடியில் தேடாதீர்கள். சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் படுத்துக்கொண்டே சொல்கிறேன்.

உங்கள் டீச்சரம்மா